மரம் வெட்டுவோருக்கு நேரும் விபத்துக்கள்

(அவனியாபுரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



தை முதல் தேதியன்று இவ்வூரில் ஜல்லிக்கட்டு நடைபெறுகையில் டாக்டர்களும் ஆம்புலன்ஸ் வண்டிகளும் ஆயத்தமாய் நிற்பதைத் தாங்கள் கண்டிருக்கிறீர்கள். அது உசிதமே. ஆனால் புளியமரத்தில் அரிவாளுடன் ஏறுகிறவனுக்காகக் கீழே நிற்பவர் யார்? கூலி பேசி அழைத்து வந்தவர் ஒருவரே. அவரும் பெரும்பாலும் கிளை விழும் பக்கத்திலேதான் நிற்பார்.

மரம் வெட்டுகிறவன் நாட்கூலிக்காரன். இன்று ஒரு வீடு, நாளை ஒரு தோப்பு. 1924-ம் வருஷம் ஜூலை மாதம் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், எஜமானரின் தொழிலுக்குப் புறம்பான காரியத்திற்குத் தற்காலிகமாய் அமர்த்தப்பட்டவனை விலக்கியே வைத்திருந்தது. வீட்டுத் தோட்டத்து மரத்தை வெட்ட வந்தவன் அவ்விதம் விலக்கப்பட்டவனே. 2000-ம் வருஷத்துத் திருத்தத்தினால்தான் அவ்விலக்கு நீங்கிற்று. அவன் செய்த வேலை சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்ததா என்னும் வழக்கு வேறு. விழுந்தவனுடைய குடும்பம் அவ்வழக்கு முடியும்வரை எதைக் கொண்டு உண்ணும்? சங்கக் கணக்கில் அது தவணை தவறிய கடன் என்று மாத்திரமே பதிவாகும்.

ஆகையால் ஏறுமுன் மரத்தைப் பாருங்கள். முருங்கைக் கிளை ஆள் பாரம் தாங்காது. உள்ளே பொந்து விழுந்த மரம் வெளியே பச்சையாகவே தோன்றும். தட்டினால் ஓசை காட்டிக்கொடுக்கும். மின்சாரக் கம்பியை உரசும் பச்சைக்கிளை மின்சாரத்தைக் கடத்தும். மின்சார இலாகாவினர் ஓட்டத்தை நிறுத்தும்வரை அதைத் தொடலாகாது. அடிமரத்தில், சாயவேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவாய் வெட்டி, பின்பு எதிர்ப்புறம் சற்று உயரத்தில் வெட்டவேண்டும். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்குள் வேடிக்கை பார்ப்போர் நிற்கலாகாது.

முக்கியமானதொன்று. விழுந்தவனை நாலுபேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது நம் வழக்கம். அன்பினால் செய்வதே, ஆயினும் முதுகெலும்பு முறிந்திருப்பின், அசைக்கும்போது உள்ளிருக்கும் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி அற்றுப்போகக்கூடும். உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டிருங்கள். தூக்கியே ஆகவேண்டுமாயின், உடல் வளையாமல் ஒரு கதவுப்பலகையில் கிடத்துங்கள். கயிற்றுக்கட்டில் வேண்டாம், அது தொய்யும்.

இரண்டு இடுப்புவார், இரண்டு தலைக்கவசம், ஒரு நல்ல வடம், ஒரு நீண்ட பலகை. இவற்றைச் சங்கத்தில் வாங்கி வைத்து, மரம் வெட்டுகிற நாளுக்கு இரவல் கொடுத்தால் என்ன? பொது நன்மை நிதியிலிருந்து செலவு செய்ய இயலுமா என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். தீர்மானப் புத்தகம் மேஜைமீது இருக்கிறது.