மழையை அளக்கும் பிள்ளைகள்: ஆரம்ப வகுப்புகளில் காலநிலை மாற்றம்



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ, அந்த டீச்சரிடம்தான் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். திருகோணமலையின் இந்த ஓர்ஸ் ஹில்லில் மாரி மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஒரு கல்லின்மேல் நேர்ச்சுவர்க் கண்ணாடிப் போத்தல் ஒன்று இருக்கும். பக்கத்தில் மில்லிமீற்றர் கோடு போட்ட கடதாசிக் கீலம், மெழுகு பூசி ஒட்டியது. மழை விட்டதும் ஒரு பிள்ளை ஓடிப்போய் வாசிக்க வேண்டும். குந்தியிருந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே கொண்டுபோய் வாசிக்க வேண்டும். நின்றபடி பார்த்துச் சொன்னால் திரும்பவும் அனுப்புவார். வாசித்த எண் கரும்பலகையின் மூலையில் ஏறும்.

காலநிலை மாற்றம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று பார்க்கும்போது, எனக்கு அந்தப் போத்தலை விட்டால் வேறு தொடக்கம் தெரியவில்லை.

காலநிலைக் கல்வியை உலகம் பலவிதமாகச் செய்து பார்க்கிறது. இத்தாலி 2019இல் வருடத்துக்கு 33 மணித்தியாலம் ஒதுக்குவதாக அறிவித்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2020இல் தீர்மானித்து, 2022 செப்ரெம்பரில் பாலர் வகுப்பிலிருந்தே தொடங்கியது. தனிப் பாடமாக வைக்காமல் விஞ்ஞானம், சமூகக் கல்வி, சித்திரம், உடற்கல்வி என்று ஏழு துறைகளில் கலந்தார்கள். ஆங்கில மொழிப் பாடமும் கணிதமும் அந்த ஏழில் இல்லை, அவை இணைப்பாகவே வந்தன. நான் மாறாக நினைக்கிறேன். நமது ஊரில் தொடங்க வேண்டிய இடங்களே தமிழும் கணிதமும்தான்.

நமது ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் எல்லாம் ஏற்கெனவே உண்டு. காலநிலையைச் சுற்றாடலுக்குள் மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மனனம் செய்யும் நாலு வினாவிடையாக அது சுருங்கிப்போகும். புதிய புத்தகம் ஒன்று அச்சடித்தால் புத்தகப் பையின் பாரம் கூடும், அவ்வளவுதான்.

கணிதத்தைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். வகுப்பறைக் கூரை 20 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்று வையுங்கள், 120 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 6,000 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் 600 வாளி. தரம் ஐந்துப் பிள்ளைக்கு இது வெறும் பெருக்கல். ஆனால், "இவ்வளவு தண்ணியும் எங்க போச்சு டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும் பாருங்கள், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. திருகோணமலைக்கு வருடத்தில் கிடைப்பது சுமார் 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனி, ஆடியில் கிணறு வற்றும்போது அந்த 600 வாளி திரும்பவும் ஞாபகத்துக்கு வரும்.

தமிழ்ப் பாடத்துக்கு நமது காற்றுகள் போதும். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். கச்சான் என்றால் இன்றைய பிள்ளை கடலையைத்தான் சொல்லும். அம்மப்பாவிடம் கேட்டு வா என்று அனுப்புங்கள். கடலுக்குப் போனவர்கள் காற்றின் பெயரோடு மாதமும் சொல்வார்கள், எந்த மீன் படும் என்றும் சொல்வார்கள். அந்தப் பிள்ளை எழுதும் பத்து வரி நல்ல கட்டுரை, காலநிலைப் பதிவும்கூட. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு சூடாகி நம்மிடம் வருவதே கச்சான் என்பதைச் சுற்றாடல் பாடம் சொல்லட்டும்.

ஒன்றை மிகக் கவனமாகச் சொல்ல வேண்டும். 2004 மார்கழி ஆழிப்பேரலையைப் பிள்ளைகள் காலநிலை மாற்றத்தோடு சேர்த்துக் குழப்புகிறார்கள், பெரியவர்களும்தான். அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு நமக்கு வடக்கே கரைகடந்த புரெவிப் புயல் வேறு வகை. கடல் சூடு கூடினால் புயலுக்குப் பலம் கூடும், காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ ஏழு வீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். அதற்காக ஒவ்வொரு மழையையும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. உறவினரைக் கடலுக்குக் கொடுத்த வீடுகளின் பிள்ளைகள் நமது வகுப்பில் இருக்கிறார்கள்.

குற்ற உணர்வையும் அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. சராசரி அமெரிக்கர் ஒருவர் வெளியிடும் காபனீரொட்சைட்டு, இலங்கையர் ஒருவருடையதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அதை நேர்மையாகச் சொல்லுங்கள். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூரையும் காட்டுங்கள். 2006 யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்த அந்த மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்குத் தொடக்கம் வைத்தார்கள். பெரிய முடிவுகளும் மாறும் என்பதைப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே காணலாம்.

டீச்சர் செய்ததில் ஒரே ஒரு குறை. பலகை மூலையில் எழுதிய எண் மறுநாள் அழிந்தது. ஒரு நாள் மழை வானிலை. முப்பது வருடச் சராசரியைத்தான் காலநிலை என்கிறார்கள். பாடசாலை ஒரு பதிவேடு வைத்து, வகுப்பு மாறினாலும் ஆசிரியர் மாறினாலும் தொடர்ந்து எழுதினால், இன்று எழுதும் பிள்ளையின் பிள்ளை அதை வாசித்துத் தன் மழையோடு ஒப்பிடும்.

புரட்டாதி முடியப்போகிறது. ஒரு போத்தல், ஓர் அடிமட்டம், ஒரு தடித்த கொப்பி. ஆசிரியர்களே, முதல் மாரி மழை விழுமுன் முற்றத்தில் வைத்துவிடுங்கள்.