பூவின் இல்வாழ்க்கை



பத்தாண்டு நிறைவில் நாம் வெளியிடும் நூலையும் 'மலர்' என்றே அழைக்கிறோம். ஆகவே மலரைப் பற்றியே பேசத் துணிந்தேன். தமிழ் பயிற்றுவிப்பவளுக்குத் தாவரவியலில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. பூவைப் பெண்ணென்றும் வண்டை ஆணென்றும் பாடுவது நம் கவிதையில் ஊறிய வழக்கு. பூ காத்து நிற்கும். வண்டு வரும், நுகரும், பறந்து போகும். நம் அரங்கில் படிக்கப்பெறும் கவிதைகளிலும் இவ்வுவமை தவறாமல் தலைகாட்டுகிறது. பெண்ணைக் காத்திருப்பவளாகவே காட்டும் இவ்வுவமை மெய்தானா என்று பார்க்கும் உரிமை எனக்கு உண்டெனக் கருதுகிறேன்.

முதலில் வண்டு. தேன்கூட்டிலிருந்து வந்து தேனும் தாதும் திரட்டுகின்ற தேனீக்கள் அனைத்தும் பெண்களே. ஆண் தேனீக்கு அவ்வேலை இல்லை. அடுத்து, மணமகளின் பின்னலில் வைத்துத் தைக்கிறோமே, தாழம்பூ, அது ஆண் தாழையின் பூங்கொத்து. மணம் கமழும் அந்த வெண்மடல்களுக்குள் இருப்பது தாது மட்டுமே. பெண் தாழையோ அன்னாசியைப் போன்ற காய் தாங்கி நிற்கும். அதைச் சூடுவார் இல்லை.

பனையிலும் இவ்வாறே ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். திருவோத்தூரில் ஆண்பனைகளைச் சம்பந்தர் பெண்பனைகளாக்கிய செய்தியைப் பெரியபுராணம் கூறுகிறது. அவை காய்க்க வேண்டுமாயின், அருகில் எங்கேனும் ஓர் ஆண்பனை எஞ்சி நின்றிருக்க வேண்டும் என்று என் மனம் குறும்பாக எண்ணுவதுண்டு.

ஆனால் பெரும்பாலான பூக்களில் ஆணும் பெண்ணும் ஒரே பூவினுள் வாழ்கின்றன. அப்படியானால் ஒரு பூ தன் தாதைத் தானே ஏற்று எளிதில் கருவுறலாமே? இங்கேதான் நம் உவமை உடைகிறது. எத்தனையோ செடிகளில் சூல்முடி தன் தாதை அறிந்து மறுத்துவிடுகிறது. கடுகுக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில், தன் தாது மேலே படிந்தாலும் அது முளைக்க வேண்டிய ஈரத்தைச் சூல்முடி தருவதில்லை. புகையிலையின் இனச்செடிகள் சிலவற்றில் தாது முளைத்துக் குழலாக நீளவும் இடம் உண்டு. பாதி வழியில் சூல்தண்டு அக்குழலின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. அயற்செடியின் தாது வந்தால் வழி திறக்கிறது. இதைக் காத்திருத்தல் என்று எப்படிச் சொல்வது? தேர்தல் என்றே சொல்ல வேண்டும். தன் தாதால் கருவுற்ற வித்தைவிட அயல்தாதால் கருவுற்ற வித்தே பெரும்பாலும் வலிய செடியாகிறது என்பதைப் பல்லாண்டுகள் செடி வளர்த்துக் கண்டு, டார்வின் 1876ஆம் ஆண்டு ஒரு தனி நூலே எழுதினார்.

ஏற்கப்பெற்ற தாதின் பயணமும் வியப்புக்குரியது. மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு சூல்தண்டு. கண்ணுக்குப் புலப்படாத குழல் ஒன்று அவ்விழையினுள் ஒரு சாண் நீளத்தை ஏறத்தாழ ஒரு நாளில் கடந்து சூலை அடைகிறது. அக்குழல் கொண்டு செல்லும் ஆண் அணுக்கள் இரண்டு. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று என்னாகிறது என்பதை 1898இல் நவாஷின் என்னும் உருசிய அறிஞர் கண்டுரைத்தார். அது சூலின் வேறிரு உட்கருக்களோடு கூடி, கருவுக்கு உணவாகும் வெண்சதையாகிறது. நம் சோற்றின் அரிசியும், இளநீரும், தேங்காய்ப் பருப்பும் அந்த இரண்டாம் மணத்தின் பயன்களே. கருவில் தாய்க்கும் தந்தைக்கும் ஒப்பப் பங்கு. உணவிலோ தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. இக்கணக்கைப் பாடிய கவிதை எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஆளுக்கொரு செம்பருத்தி கொண்டு வாருங்கள். ஒற்றை அடுக்குப் பூவாக இருக்கட்டும். நடுவே நீண்டிருக்கும் குழலின் மேல் பொடிப்பொடியாய் ஒட்டியிருப்பன தாதுப்பைகள். அவற்றையும் கடந்து நுனியில் ஐந்து சிறு குமிழ்கள் விலகி நிற்கும். அவையே சூல்முடிகள். உருப்பெருக்கி ஒன்றை நான் கொண்டு வருகிறேன்.