வாடிய செடியின் வேரைப் பார்க்கிறவர்கள் நாம்



காலையில் செழிப்பாக நின்ற தக்காளிச் செடி மதியத்தில் தலை தொங்கினால் என்ன செய்வோம்? பிடுங்கி, தண்டை அறுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் வைப்போம். பால்போல இழை வடிந்தால் அது பாக்டீரியா வாடல். அதே தோட்டத்தில், மஞ்சள் கிழங்கு அழுகாமல் இருக்க டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து நாமே இடுகிறோம். நுண்ணுயிரில் பகையும் உண்டு, துணையும் உண்டு. நம் தொண்டாமுத்தூர் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புற்றுக்கட்டியிலும் அப்படித்தான் என்கிறது இன்றைய மருத்துவம். 2020-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ராவிட் ஸ்ட்ராஸ்மன் குழுவினர், கட்டிகளும் அவற்றை ஒட்டிய திசுக்களுமாக 1,526 மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஏழு வகைப் புற்றுநோய். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியாக் கூட்டம். 2017-இலேயே அதே குழு இன்னொன்றைக் கண்டிருந்தது. கணையப் புற்றுக்குத் தரும் ஜெம்சிடபின் மருந்தைச் சில பாக்டீரியாக்கள் கட்டிக்குள்ளிருந்தே சிதைத்துவிடுகின்றன. நோயாளி ஊசியின் வேதனையைத் தாங்குகிறார். மருந்தோ வழியிலேயே பறிபோகிறது!

நம் வாய்க்குள் பல் இடுக்கில் வாழும் பாக்டீரியா ஒன்றின் பெயர் ஃபியூசோபாக்டீரியம். 2012-இல் ஆய்வாளர்கள் அதைப் பெருங்குடல் கட்டியில் கண்டார்கள். 2017-இல், அந்தப் புற்று கல்லீரலுக்குப் பரவியபோது கூடவே அதுவும் போயிருப்பதைக் கண்டார்கள். 2022-இல் நவி மும்பையிலுள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடத்தார், நம் நாட்டு நோயாளிகளின் நாக்குப் புற்றிலும் அதைக் கண்டு, நோயின் போக்கு மோசமாவதோடு அதற்குத் தொடர்பிருப்பதாக எழுதினார்கள்.

துணையும் உண்டு என்றேனே! பிறந்த குழந்தையின் இடது தோளில் போடுகிறோமே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, அதில் இருப்பதும் ஒரு பாக்டீரியாதான். வீரியம் குறைத்த அந்தக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்குள்ள தொடக்கநிலைப் புற்றை எதிர்க்கலாம் என்று 1976-இல் கனடாவின் ஆல்வாரோ மொராலெஸ் எழுதினார். உடலின் காவலை அது தட்டி எழுப்புகிறது. இன்றும் அது நடைமுறைச் சிகிச்சை.

ஆனால் அவசரம் வேண்டாமுங்க. 33 வகைப் புற்றுநோய்களில் கிருமிகளின் அடையாளத்தைப் படித்துவிட்டோம் என்று 2020-இல் வந்த பெரிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, கணக்கில் பிழை என்று 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. தவறைத் திருத்திக்கொள்வதுதான் அறிவியலின் நேர்மை. ஆகவே, கட்டிக்குள் கிருமி என்று கேள்விப்பட்டவுடன் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். ஒரு புழுவுக்காகக் காடு முழுக்க விஷம் தெளித்தால் தேனீயும் சாகும். அறுவை, கதிர், மருந்து என்று மருத்துவர் சொல்லும் சிகிச்சையை இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

கடைசியாக, இந்த ஊரில் சொல்லத் தயக்கமான ஒன்று. நொய்யல் ஆற்றங்கரையில் பாக்குத் தோப்பு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அந்த உழைப்பைக் கும்பிடுகிறேன். ஆனால் புகையிலை கலக்காத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் தீர்ப்பளித்துவிட்டது. விளைவிக்கிற கைகளே, தயவுசெய்து மெல்லாதீர்கள். பல்லையும் ஈறையும் பேணுங்கள்.

இன்று ராத்திரி டார்ச் அடித்து, வீட்டிலுள்ளவர் வாயை ஒருவருக்கொருவர் பாருங்கள். வெள்ளைத் திட்டோ செந்திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். செடி வாடினால் அன்றைக்கே வேரைப் பார்க்கிறவர்கள் நாம். நம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த அக்கறையைக் காட்ட வேண்டாமா?