நகத்தைச் சோதித்த பிறகே மாத்திரை

(திருநெல்வேலிப் பேட்டையில் நடந்த நகப் பூஞ்சை நோய்க் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



நகச்சொத்தைக்கு ஒரு நாள் முழுக்கக் கருத்தரங்கா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டிருக்கலாம். பேட்டைக்காரர் கேட்க மாட்டார். சுத்தமல்லி அணையில் பிரிகிற நெல்லைக் கால்வாயின் வயல்கள் இங்கிருந்து பக்கம்தான். பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் பெண்கள் பொழுதுக்கும் சேற்றில்தான் நிற்கிறார்கள். மற்ற நாட்களில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். நனைத்த இலை காய்ந்தால் உடையும் என்பதால் ஈரத்துணியில் சுற்றி வைத்து, அந்த ஈரத்தோடே வெட்டிச் சுருட்டி, நுனியை மடக்குகிறார்கள். தொழிற்பேட்டையில் பூட்ஸ் போட்ட கால்களில் வேலை முடியும்வரை காற்றுப் படுவதில்லை. பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் வெக்கையும் இந்த ஊர்ப் பிழைப்பிலேயே இருக்கின்றன. ஆகவே நகச்சொத்தையை அழகுப் பிரச்சினையாக அல்ல, தொழில்வழி நோயாகவே நாம் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“வலி ஒண்ணும் இல்லம்மா, அதான் கண்டுக்கிடல” என்றுதான் வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் கால் பெருவிரல் நகம் மஞ்சளித்துத் தடித்து, அடியில் மாவு மாதிரி உதிர ஆரம்பித்திருக்கும். சர்க்கரை நோயாளிக்கு இது சாதாரணமில்லை. தடித்த நகம் செருப்பில் அழுந்தி அடியில் புண் வைக்கும்; காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியாது. 2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மாத்திரை கொடுக்கும் கை, செருப்பைக் கழற்றச் சொல்லி விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டால் எத்தனையோ கால்கள் தப்பும்.

இனி, இந்த அவையில் நான் வலியுறுத்த வந்த செய்தி. உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் வந்தவை. சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ், பழைய அடி, இறுக்கமான காலணி எல்லாமே அச்சு அசல் அதே தோற்றத்தைத் தரும். கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மூன்று மாத மாத்திரையை எழுதினால், இருவரில் ஒருவருக்கு வீணாகக் கல்லீரலில் சுமை ஏற்றுகிறோம்.

சோதனை ஒன்றும் பெரிதில்லை. நகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உதிர்கிற நுனியை வெட்டி ஒதுக்கிவிட்டு, நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லைக்கு அருகே, நகத்தின் அடியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள பூஞ்சை அங்கேதான் இருக்கும். நுனித்துகளை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே விடை வரும். சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நகம் இளகும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. பிறகு நுண்ணோக்கியில், குறுக்குச் சுவர்களோடு கிளைத்து ஓடும் இழைகள் தெளிவாகத் தெரியும். எந்தப் பூஞ்சை என்று அறிய வளர்ப்புச் சோதனை வேண்டும். அதற்குப் பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால் நகத்தில் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம். எப்போதும் தண்ணீரில் புழங்கும் கையில், நகக்கண் வீங்கி நாட்பட்டிருந்தால் கேண்டிடாவை நினைக்க வேண்டும். அந்த விரலில்தான் எலுமிச்சம்பழத்தைச் செருகிவிடுகிறார்கள். ஊறிய தோலைப் புளிப்பு இன்னும் அரிக்கும்.

பூஞ்சை உறுதியானால் டெர்பினஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை அவசியம். இட்ரகோனசோலை மாதத்தில் ஒரு வாரம் என்ற முறையிலும் கொடுக்கலாம். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது ஆகாது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலவற்றோடும் சேராது. நோய் நுனியோடு நின்றிருந்தால் அமோரால்ஃபின் போன்ற நகப்பூச்சு மருந்தே போதும்.

மாத்திரை முடிந்த அன்று நகம் பழையபடிதான் இருக்கும். இதை முதல் நாளே சொல்லுங்கள். கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு. இது தெரியாததால்தான் பாதியில் மருந்தை விட்டுவிட்டுக் கடையில் கேட்டுக் களிம்பு வாங்குகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டும் பழக்கம் ஓயவில்லை. இதற்கிடையே, டெர்பினஃபினுக்குப் பல நேரம் அடங்காத டிரைக்கோஃபைட்டன் இண்டோடினே என்ற வகை 2020-இல் பெயரிடப்பட்டு, நம் நாட்டுத் தோல்நோய்ப் பிரிவுகளைத் திணறடிக்கிறது. இருக்கும் மருந்தையும் வீணாக்கிவிடக் கூடாது.

தடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடவுக்காரப் பெண்ணிடம் ஈரத்தில் நிற்காதே என்பது கூலியை விடு என்பதற்குச் சமம். கரையேறியதும் கால் கழுவி, விரலிடுக்கை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லலாம். சேற்றுப்புண்ணுக்கு உடனே மருந்து போடச் சொல்லலாம். நகத்துக்குப் பூஞ்சை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. வீட்டில் ஆளுக்கொரு நகவெட்டி வேண்டும். பூட்ஸ்காரர்கள் பருத்திச் சாக்ஸைத் தினமும் மாற்ற வேண்டும். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவதை நான் பழிக்க மாட்டேன். ஆய்வகத்தில் அதற்குப் பூஞ்சையை ஒடுக்கும் குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் நகத்துக்குள் அது இறங்காது. அதன் சிவப்பு, நோயின் நிறத்தையும் மறைத்துவிடும்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளி பார்க்க நுண்ணோக்கி இருக்கிறது, பார்க்கத் தெரிந்த நுட்புநரும் இருக்கிறார். பக்கத்தில் ஒரு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு புட்டி இருந்தால் நகச் சோதனையை அங்கேயே முடித்துவிடலாம். அந்தப் புட்டியைத் தர வேண்டும், நகம் சுரண்டும் பயிற்சியையும் தர வேண்டும் என்று இன்று மாலை தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட சுகாதார அதிகாரிகளிடம் கொடுக்குமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.