மைப்படியும் காந்தத்தட்டும்



என் கையில் இருப்பது மூன்றரை அங்குல பிளாப்பித் தட்டு. மாணவர்களாகிய நீங்கள் இதை 'சேவ்' பொத்தானின் படமாகத்தான் பார்த்திருப்பீர்கள். இந்த உலோக மூடியை விரலால் தள்ளினால் உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய வட்டம் தெரியும். பிளாஸ்டிக் தாளின்மேல் காந்தப்பொடிப் பூச்சு, அவ்வளவுதான். இதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஓரத்தில் சாம்பல் தூவியதுபோல் வெண்புள்ளிகள். அது பூஞ்சை. இப்படியே டிரைவில் செருகினால், படிக்கும் தலை பூஞ்சையோடு பூச்சையும் சுரண்டி எடுத்துவிடும். அழுக்கேறிய அந்தத் தலை அடுத்து வரும் தட்டையும் கீறும்.

கல்வெட்டுத் துறையினர் கல்லைக் கண்டதும் வாசிக்கத் தொடங்குவதில்லை. தூரிகையால் சுத்தம் செய்து, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றி முதலில் மைப்படி எடுக்கிறார்கள். பொளிந்த எழுத்தும் வரும், சிதைந்த இடமும் வரும். எது எழுத்து, எது விரிசல் என்ற ஆராய்ச்சி பிறகு மேசைமேல் நடக்கும். பழைய கணினித் தட்டுகளுக்கும் இந்த ஒழுங்குதான் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1985 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் தன் அமிகா கணினியை அறிமுகம் செய்தது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையேறி, பாடகி டெபி ஹாரியின் உருவத்தை அந்தக் கணினியிலேயே வரைந்து காட்டினார். 1987இல் அவர் இறந்தார். அவருடைய பிளாப்பிகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. அந்த மேடைக் காட்சியை யூடியூபில் பார்த்த கலைஞர் கோரி ஆர்கேஞ்சல் 2011இல் கேட்ட கேள்வி மிக எளியது: அன்று வரைந்தவையெல்லாம் எங்கே?

பிட்ஸ்பர்க்கிலேயே இருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்ற மாணவர்கள் வேலையில் இறங்கினார்கள். அமிகா, தட்டின் ஒவ்வொரு வட்டத் தடத்திலும் 11 பகுதிகளை இடைவெளியின்றி எழுதும். தட்டு ஒன்றுக்கு 880 கே.பி. சாதாரணக் கணினியின் பிளாப்பிச் சுற்றுக்கு அந்த அமைப்பு புரியாது. ஆகவே அவர்கள் கிரையோஃபிளக்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது தட்டில் இருப்பது என்ன கோப்பு என்று ஆராய்வதே இல்லை. காந்தத் திசை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. அமிகா போன்றவற்றின் தட்டில் அந்த இடைவெளி 4, 6 அல்லது 8 மைக்ரோநொடி. தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்வதால் ஒரே தடத்தை ஐந்தாறு சுற்று கேட்டாலும் ஒரு நொடி சொச்சம்தான் ஆகும். ஒரு சுற்றில் தெளிவில்லாதது இன்னொரு சுற்றில் தெளியலாம். இதைத்தான் நான் காந்தத்தின் மைப்படி என்கிறேன்.

படி எடுத்ததும் கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. படங்கள் திறக்கவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய ஒரு வரைகலை மென்பொருளில் சேமிக்கப்பட்டிருந்ததால், அதன் அமைப்பைப் பிற்கால மென்பொருள்கள் அறியவில்லை. மாணவர்கள் அதை எண் எண்ணாகப் பிரித்துப் புரிந்துகொண்டார்கள். 2014இல் உலகம் பார்த்தது: ஒரு சூப் டப்பா, வார்ஹோலின் தன்னுருவம், மூன்று கண்களோடு ஓவியர் போட்டிச்செல்லியின் வீனஸ். கையில் நம்பகமான படி இருந்ததால்தான் அவர்களால் நிதானமாக யோசிக்க முடிந்தது. எத்தனை முறை தவறினாலும் மூலத்தட்டுக்குச் சேதமில்லை.

'ஸ்டார் டிரெக்' படைத்த ஜீன் ராடன்பெரி விட்டுச்சென்ற ஏறத்தாழ 200 தட்டுகளும் பின்னாளில் மீட்கப்பட்டவைதான். அவருக்கென்றே செய்த கணினியில் எழுதியவை என்பதால், அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் பிடித்தன.

நம்மிடமும் தட்டுகள் இருக்கின்றன. தொண்ணூறுகளில் டிடிபி நிலையங்கள் எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களைப் பிளாப்பியில் ஏற்றி வைத்திருந்தன. யூனிகோடு பரவாத காலம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைத் திணித்து, எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் வைத்திருந்தார்கள். தட்டைப் பிழையின்றிப் படி எடுத்தாலும் திரையில் வருவது பொருளற்ற ரோமன் எழுத்துகள். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று சொல்லக்கூடியவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்.

சோனி 2011 மார்ச்சிலேயே ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. புது டிரைவும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய தட்டு கிடைத்தால் எறியாதீர்கள். ஆர்வத்தில் கணினியில் செருகவும் வேண்டாம். மேலே ஒட்டிய சீட்டைப் படம் எடுங்கள். மூன்றரை அங்குலத் தட்டானால், மூலையில் உள்ள சிறு தாழை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வையுங்கள். அதன்பின் டிரைவால் அதில் எதுவும் எழுத முடியாது. தெரியாமல் யாராவது செருகி, 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கணினி கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.