மழைக்காலத்தில் கோழிக்கூடு
(கூலாய் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளுக்கான உரை)



வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை நீடிக்கின்றது. மரப்பட்டை நனைந்த நாளில் நாம் பால் மரம் சீவ இயலாது, வருவாய் குறைகின்றது. அந்நாள்களில் கொல்லைக் கோழியும் முட்டையும் குடும்பத்திற்குப் பெருந்துணையாகும். ஆயின் அதே மழையில்தான் கோழிகளும் நோயுற்று மடிகின்றன. இதனைத் தடுக்க நாம் செய்யத்தக்கது யாது?

குளிருக்கு அஞ்சி, கூட்டைச் சாக்காலும் பிளாஸ்டிக் தாளாலும் இறுக மூடுவது நம்மிடையே உள்ள வழக்கம். இது நன்மை பயப்பதன்று. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். உலர்ந்த இறகே அதற்குப் போர்வை. பனி உறையும் கனடா நாட்டிலும், ஈரமற்ற, காற்றோட்டமுள்ள கூட்டில் கோழிகள் நலமாக வாழ்கின்றன. நமக்குப் பகை குளிரன்று, ஈரமே. மூடிய கூட்டில் ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்படுத்துகின்றது. நோய் எளிதில் புகுகின்றது.

ஆகவே, மேட்டு நிலத்தில் கால் நட்டு, தரையிலிருந்து 2 அல்லது 3 அடி உயரத்தில் கூடமைப்போம். அடித்தளச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும். பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் வேண்டும். சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தைப் பலகையால் அடைப்போம். எதிர்ப்பக்கத்தில் மூசாங்கும் பாம்பும் நுழையாதவாறு நெருக்கமான கம்பிவலை பொருத்துவோம். கூரை 2 அடி வெளியே நீண்டிருக்கட்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதற்கும் வலையிடுவோம். கோழிகள் அமர்ந்துறங்க 2 அங்குல அகலத் தட்டைச் சட்டம் நலம்.

குஞ்சுகளின் நிலை வேறு. இறகு முளைக்கும் வரை அவற்றிற்கு வெப்பம் தேவை; முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை. மரச்சீவல் பரப்பிய பெட்டியின் மேல், சீவலைத் தொடாதவாறு, சூடு தரும் மின்குமிழைத் தொங்கவிடலாம். குஞ்சுகள் குமிழின்கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர் மிகுதி. விலகி ஓடினால் சூடு மிகுதி.

நல்ல கூடு மட்டும் நியூகாசல் எனும் கொள்ளைநோயைத் தடுக்காது. கிராமக் கோழிகளைக் காக்கவே, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையை 1980-ஆம் ஆண்டுகளில் செர்டாங்கிலிருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அறிஞருடன் ஆராய்ந்தது. தடுப்பு மருந்து பற்றிக் கால்நடைச் சேவை இலாகாவிடம் மழைக்கு முன்னரே கேட்டறிவோம். கோழிகள் திடீரெனப் பல மடிந்தால், அவற்றை உண்ணாமலும் விற்காமலும் உடனே அறிவிப்போம்.

பழைய பலகையும் தகரமும் நம் லயங்களில் கிடைப்பனவே. அக்டோபர் முடியுமுன் கூட்டைச் செப்பனிட்டால், மரம் சீவாத நாளிலும் நம் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும்.