இருவர் ஆடும் ஆட்டம்



டென்னிஸ் என்றதும் தனியே நின்று வெல்பவரையே நாம் எண்ணுகிறோம். இருவர் இணைந்தாடும் ஆட்டத்தைச் சற்றுத் தாழ்வாகவே மதிக்கிறோம். அது முறையன்று என்பதற்கு அமெரிக்க வீராங்கனை லிசா ரேமண்ட் சான்றாவார்.

புளோரிடாப் பல்கலைக்கழக மாணவியாக 1992, 1993 ஆகிய ஈராண்டுகளிலும் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவர். ஆயினும், தொழில்முறை ஆட்டத்தில் நிலைத்த புகழை அவருக்கு ஈட்டித் தந்தது இரட்டையர் ஆட்டமே. 2001-இல் ஆஸ்திரேலியாவின் ரென்னே ஸ்டப்ஸுடன் விம்பிள்டன் பட்டம். 2006-இல் சமந்தா ஸ்டோசருடன் பிரெஞ்சுப் பட்டம். 2011-இல் லீசல் ஹூபருடன் அமெரிக்கப் பட்டம். 1999-இல் விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் அவருடன் நின்று வென்றவர் நம் நாட்டு லியாண்டர் பயஸ். மகளிர் இரட்டையரில் மட்டும் அவர் பெற்ற பட்டங்கள் 79. 2012-இல், 38-ஆம் வயதில், மைக் பிரையனுடன் ஒலிம்பிக் வெண்கலமும் பெற்றார்.

துணைவர் பலர் மாறினர், வெற்றி தொடர்ந்தது. காரணம் யாது? துணைவர் பந்தை நோக்கி ஓடுங்கால், அவர் விட்ட இடத்தைத் தாம் காப்பதே இவ்வாட்டத்தின் உயிர். அதற்குக் கைவன்மை மட்டும் போதாது. பிறர் இயல்பறியும் மனமும் வேண்டும்.

பிறந்த ஊர் விட்டு, பிறமொழியாளரோடு தோள் சேர்ந்து பணிபுரியும் நாம் இவ்வுண்மையை அறியாதவரல்லோம்.